வெற்று வரி மௌனம் ஆகாது

பங்குத் திருவிழா மாலைப் பூசையில் நான் உன் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பொறாமையில் பிடுங்கினேனாம். மைக் செட் பாஷாவின் கடையில் நின்று இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவரே வந்து என்னிடம் சொன்னார். முதலில் இதைத் திருத்திவிடுகிறேன். நான் எந்த ஒயரையும் பிடுங்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். பாட்டின் நடுவிலும் அணைக்கவில்லை. காணிக்கைப் பாட்டு முடிந்து, சனங்கள் வாயை மூடி, சாமியார் கைகளை விரித்து செபத்தைத் தொடங்கிய பிறகு, உன் மிஷின் தானாக முதல் வரிக்குத் திரும்பிப் போய் அதே பாட்டை மறுபடியும் ஆரம்பித்ததே, அப்போதுதான் அணைத்தேன். நீ எந்தப் பொத்தான் என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரே ஒரு பொத்தான்தான் தெரியும். அது சுவரில் இருந்தது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் சுவிட்சில் கை வைத்த நேரத்தில் உன் விரல் சரியான இடத்துக்குப் போய்விட்டது. பார்த்தேன். ஒரு விநாடி பொறுத்திருந்தால் நீயே நிறுத்தியிருப்பாய். நான் பொறுக்கவில்லை. அணைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னதால் என் கோபம் குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. குறையவில்லை.

அந்த மிஷினை நீ பெங்களூரிலிருந்து போர்வையில் சுற்றி, பாலக்கோடு வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். உன் கம்பெனியில் வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனது என்றாய். அதைக் கூடத்தில் இருந்த டி.வி.யோடு சேர்த்தாய். திரையில் நாலு பத்திகள் வந்தன. ஒவ்வொரு பத்தியிலும் மேலிருந்து கீழே அறுபத்துநாலு வரிகள். ஒரு வரியில் ஒரு ஸ்வரத்தின் பெயர், அது எந்த வாத்தியம் என்பதற்கு ஒரு எண், அதன் பக்கத்தில் மூன்று எழுத்துகள். ரேஷன் கடைப் பட்டியல் மாதிரி இருந்தது. "இதுக்குப் பேரு டிராக்கருங்கம்மா. இதுலதான் பாட்டு எழுதப் போறேன்" என்றாய். நான் கான்வென்டில் மதரிடம் ஐந்து கோட்டில் இசை எழுதப் படித்தவள். எங்களுக்கு இசை இடமிருந்து வலமாகப் போகும். மேலே எழுதினால் உயர்ந்த ஸ்வரம், கீழே எழுதினால் தாழ்ந்த ஸ்வரம். பார்த்தாலே காதில் கேட்கும்.

"இதுல பாட்டு எங்கடா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஓட வுட்டாத் தெரியுமுங்கம்மா."

"ஓட விட்டாத்தான் தெரியும்னா அது எழுத்தே இல்லை."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு ஒரு காரியம் செய்யச் சொன்னாய். வெளிச் சத்தத்தை உள்ளே ஏற்ற நீயே ஈயம் வைத்து ஒட்டிச் செய்த ஒரு சின்னப் பெட்டியை மிஷினின் பின்னால் செருகி, மைக்கை என் ஆர்மோனியத்தின் முன்னால் வைத்து, "ஒரே ஒரு கட்டைங்கம்மா. ரெண்டு செகண்டு அமுக்குனாப் போதும்" என்றாய். "முப்பது வருஷமா பூசைக்கு வாசிக்கிறவளை ஒரு கட்டை அமுக்கச் சொல்றியா?" என்றேன். "மிச்சத்த மிஷின் பாத்துக்குமுங்க" என்றாய். மகனே, இந்த ஒரு வாக்கியத்தை நீ எந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடாதே. கல்யாணம் ஆன பிறகு மனைவியிடமும் சொல்லாதே. நான் அமுக்கினேன். அந்த இரண்டு செகண்டு சத்தத்தை எடுத்து நீ எல்லா ஸ்வரத்துக்கும் இழுத்துவிட்டாய். மேலே போனால் காதோரம் கொசு, கீழே போனால் மழையில் நனைந்த எருமை. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி ரீடு எதற்கு இருக்கிறது என்று நீ ஒரு நாளும் யோசித்ததில்லை. தாளத்துக்குத் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி அதையும் உள்ளே ஏற்றினாய். அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததை நன்றாக இருந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் ஒரே ஒரு ஒத்திகை. அதுவும் பாதியில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் பூசையில் என்ன நடந்தது என்று நீ பார்த்திருக்க மாட்டாய், ஏனென்றால் நீ திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காணிக்கைப் பாட்டின் மூன்றாவது அடியில் மூச்சு வாங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் நான் துருத்தியைத் தளர்த்துவேன், பாடகர் குழு மூச்சு எடுக்கும், பிறகு எல்லோரும் சேர்ந்து உயரப் போவோம். உன் மிஷின் அந்த இடத்தில் நிற்கவே இல்லை. ஒரே சத்தமாக இழுத்துக்கொண்டே போனது. தக்காளி மண்டியில் நாள் முழுக்கக் கூடை தூக்குகிற செலீனாவுக்கே பாடி முடிப்பதற்குள் முகம் சிவந்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு வுட எடமே இல்லீங்க டீச்சர். பாட்டா அது, தொரத்திக்கினு வருது" என்றாள்.

அப்போது நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். பாடகர் குழு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. பாஷா ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டிருந்தார். நீ அவர்களிடம் சொன்னாய்: "அம்மாவுக்குக் கை முன்ன மாதிரி ஆவறதில்லைங்க. அதான் நான் மிஷின்ல போட்டுட்டேன்." எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். நான் சேலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். என் இடது மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. துருத்தி போடுகிற கை. யாருக்கும் தெரியாமல் இருக்க, துருத்தியின் மேல் கையை அழுத்திப் பிடித்து வாசிக்கப் பழகியிருந்தேன். நீ ஒரே வாக்கியத்தில் கோயில் வாசலில் வைத்து அவிழ்த்துவிட்டாய்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு உன் பின்னாலேயே வந்தேன். உன் மிஷினை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லத்தான் வந்தேன். "வெச்சிக்கங்க, எனக்கு வேணாம்" என்றாய். நான் இன்னும் சில சொன்னேன். என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாய். "உங்களுக்கு ஊசி வுழுந்தாக்கூட கேக்குமுங்கம்மா. மனுசன் பேசறது மட்டும் கேக்காது." அதன் பிறகு ஏறிப் போய்விட்டாய். இரண்டு கடிதம் எழுதினேன். ஓடு மாற்றியதைப் பற்றி ஒன்று, உன் சித்தப்பாவின் உடம்பைப் பற்றி ஒன்று. பதில் இல்லை. மூன்று மாதம்.

உன் ஒன்பதாவது வயதைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது. விரும்பி எழுதவில்லை. கிறிஸ்மஸ் பாட்டு ஒத்திகையில் உன் குரல் சுருதிக்குக் கீழேயே நின்றது. இருபது பேர் முன்னால் நான் வாசிப்பை நிறுத்திவிட்டு, "நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீ அப்படியே செய்தாய். மூன்று கிறிஸ்மஸுக்கு முதல் வரிசையில் நின்று, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் வாயை அசைத்தாய். பார்க்கிறவர்களுக்கு நீ பாடுவதாகவே தெரியும். பையன் எவ்வளவு கீழ்ப்படிதல் உள்ளவன் என்று நான் பெருமைப்பட்டேன். உன் அப்பா மட்டும் சர்க்கரை ஆலையிலிருந்து வந்து கரும்புத் தூசியோடு சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "அவன் வாயத்தான மூடுன. அவன் காத மூட முடியுமா உன்னால?" உங்களுக்குச் சங்கீதம் தெரியாது, பேசாமல் சாப்பிடுங்கள் என்றேன்.

உன் சுருதி தாழ்ந்திருந்தது உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உன்னை ஆர்மோனியத்தின் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே கட்டையை அமுக்கி அமுக்கிக் காட்டி, ஆறு மாதத்தில் காதைச் சரிப்படுத்தியிருக்கலாம். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். உனக்குச் செய்யவில்லை. பண்டிகை நெருங்கிவிட்டது, பாட்டு கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னது தவறு. இப்போது நீ செய்ததைப் பார். பண்டிகை நெருங்கிவிட்டது, பாட்டு கெட்டுவிடக் கூடாது என்று அம்மாவை ஒதுக்கிவிட்டு, காரணத்தை எல்லோர் முன்னாலும் சொன்னாய். நான் சொல்லிக்கொடுத்த வேறு எதையும் நீ இவ்வளவு நன்றாகப் படிக்கவில்லை.

அக்டோபரில் பாஷாவைக் கூப்பிட்டு, இந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்பேருக்குப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "டீச்சரம்மா, பிரிக்கறது ஒரு நிமிசங்க. அதுக்கு முன்ன ஒருக்கா ஓட்டிப் பாத்துடலாமுங்களா?" என்றார். ரேடியோ மெக்கானிக் வேறு என்ன கேட்பார். ஓட்டினார். "என்னங்க இது, எழுத்தெல்லாம் மழயாட்டம் எறங்குது" என்று குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிஷினோடு நீ விட்டுப்போன பிளாப்பித் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் செய்முறை விளக்கம் ஆங்கிலத்தில் முழுதாக இருந்தது. நீ அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாய். சின்ன வயதில் கணக்குப் புத்தகத்திலும் நீ எடுத்துக்காட்டைப் படிக்காமல் நேரே பயிற்சிக்குப் போகிறவன்தான். நான் அதை நோட்டில் கையால் எழுதிக்கொண்டேன். நாலு நாள் ஆயிற்று, கை அப்படி. அதன் பிறகு தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து, கரண்ட் இருக்கிற வரைக்கும் உன் பாட்டை வரி வரியாகத் திருத்தினேன். உன் தவறுகளை எழுதிக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் படித்தேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவன் நாலு பத்தி இருக்கிறதே என்று நாலையும் நிரப்பக் கூடாது. முதலில் ஒரே பத்தியில் பாட்டின் மெட்டை எழுதி, அதோடு கூடவே வாயால் பாடிப் பார்க்க வேண்டும். உன் வாயால் பாட முடியாததைச் செலீனாவின் வாயாலும் பாட முடியாது. மெட்டு சரியாக அமைந்த பிறகு இரண்டாவது பத்தியில் கீழ் ஸ்வரம், அதன் பிறகுதான் தக்காளிப் பெட்டி. நாலாவது பத்தி காலியாகவே கிடக்கட்டும். பாட்டு முடிந்தால் மிஷின் நின்றுகொள்ளும் என்று நீ நம்பினாய். நிற்கச் சொன்னால்தான் நிற்கும், இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்கும் என்று விளக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நானும் ஒன்றில் ஏமாந்தேன். ஸ்வரத்துக்குப் பக்கத்தில் வருகிற மூன்று எழுத்தில் C என்று கண்டதும், மதர் சொல்லிக்கொடுத்த C ஸ்வரம் என்று நினைத்து ஒரு வாரம் தடுமாறினேன். அந்த இடத்தில் C என்றால் சத்தத்தின் அளவாம். ஒரே எழுத்துக்கு இரண்டு அர்த்தம் வைக்கிறவர்கள் எந்தக் கான்வென்டில் படித்தார்களோ.

அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் செலீனாவுக்கு ஏன் மூச்சு முட்டியது என்று தெரிந்தது. மூச்சு வாங்குகிற இடத்தில் நீ வரியைக் காலியாக விட்டிருக்கிறாய். காலியாக விட்டால் மௌனம் என்று நினைத்திருக்கிறாய். மிஷினுக்கு அப்படி இல்லை. வெற்று வரி என்றால் முன்னே ஒலித்ததையே தொடர்ந்து ஒலி என்று அர்த்தம். அடுத்த ஸ்வரம் வரும் வரைக்கும் பழையதுதான் கேட்டுக்கொண்டிருக்கும். மௌனம் வேண்டும் என்றால் அதைக் கையால் எழுத வேண்டும்: C, சுழி, சுழி, அதாவது சத்தத்தின் அளவு பூஜ்யம். ஏழு இடத்தில் எழுதினேன். செலீனாவை வரச் சொல்லிப் பாட வைத்தேன். முழுப் பாட்டையும் பாடிவிட்டு, "இப்ப மூச்சு வருதுங்க டீச்சர். தம்பிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, சந்தோசப்படும்" என்றாள். உன்னைச் சந்தோஷப்படுத்துவது என் வேலை இல்லை என்றேன். "தெரியுமுங்க, அது ஊருக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். உள்ளே ஏற்றிய சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று விளக்கத்தில் படித்தேன். நீ என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று பட்டியலைத் திறந்தேன். தக்காளிப் பெட்டிக்குத் தக்காளிப் பெட்டி என்றே இருந்தது. என் ஆர்மோனியச் சத்தத்துக்கு, ஆங்கில எழுத்தில், அம்மா கை என்று வைத்திருக்கிறாய். அம்மா பெட்டி என்று வைத்திருக்கலாம். ஆர்மோனியம் என்று வைத்திருக்கலாம். கை என்று ஏன் வைத்தாய்?

இன்னொன்று. இரண்டு செகண்டு சத்தம் எப்படி நீண்டு ஒலிக்கிறது என்றால், அதில் ஒரு சிறு துண்டை மட்டும் மிஷின் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எந்தத் துண்டு என்பதை எண் போட்டு நீதான் சொல்ல வேண்டும். ஆடாமல் நிற்கிற இடமாகப் பார்த்து எடு என்று விளக்கம் சொல்கிறது. நான் அமுக்கிய முதல் செகண்டு ஆடாமல்தான் இருக்கிறது. கடைசியில்தான் மணிக்கட்டு தளர்ந்து சத்தம் நடுங்குகிறது. நீ அந்தக் கடைசித் துண்டின் எண்ணைப் போட்டிருக்கிறாய். அன்று கோயிலில் நீண்ட ஸ்வரம் ஒவ்வொன்றிலும் என் நடுக்கம்தான் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. வேறு யாருக்கும் அது என்ன என்று தெரியாது. எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நான் சுவிட்சை அவ்வளவு வேகமாக அணைத்ததற்கு அதுவும் காரணம்.

போன வாரம் அந்த எண்ணை முதல் செகண்டுக்கு மாற்றினேன். நடுக்கம் போய்விட்டது. சத்தம் ஆலைச் சங்கு மாதிரி நேராக, உயிரில்லாமல் நின்றது. இரண்டு மத்தியானம் கேட்டுப் பார்த்துவிட்டு, நீ போட்டிருந்த எண்ணையே திரும்பப் போட்டுவிட்டேன். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. நீ காதால் கேட்டு அந்த இடத்தை எடுத்தாயா, விளக்கத்தைப் படிக்காமல் கைக்கு வந்த எண்ணைப் போட்டாயா, எனக்குத் தெரியவில்லை. கைக்கு வந்ததைப் போட்டாய் என்றால் நீ கவனமில்லாதவன். அது எனக்குப் புதிது இல்லை. கேட்டுத்தான் எடுத்தாய் என்றால், நான் இரண்டு வருடமாக மறைத்ததை நீ கேட்டிருக்கிறாய், அதை ஒதுக்காமல் வைத்திருக்கிறாய். அப்படியானால் கோயில் வாசலில் நீ பேசியதை நான் வேறு விதமாகக் கேட்க வேண்டும். பஸ் படியில் நீ சொன்னதையும்.

கிறிஸ்மஸுக்கு யார் வாசிப்பது என்று சாமியார் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறேன். நீ கவனமில்லாமல் செய்திருந்தால், கை விழுகிற வரைக்கும் நானே வாசித்துக்கொள்வேன். மிஷினைப் பாஷா பிரித்துக்கொள்ளட்டும். கேட்டுச் செய்திருந்தால், என் கை நடுங்குகிறது என்று சாமியாரிடம் நானே சொல்லிவிடுகிறேன். மிஷினை நான் ஓட்டுகிறேன், எனக்கு உன்னைவிட நன்றாகவே தெரியும். நீ வந்து பாடகர் குழுவில் நில். வாயைத் திறந்து, சத்தமாகப் பாடு. சுருதி சேராவிட்டால் சொல்வேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன்.

நீ மூன்று மாதமாகப் பேசாமல் இருப்பதை மௌனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இந்த வீட்டில் இன்னும் அந்தப் பஸ் படியில் நீ சொன்னதுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. நேரில் வந்தால் நான் குறுக்கே பேசிவிடுவேன், நீ சொல்ல வந்ததை விழுங்கிவிடுவாய். ஆகவே எழுத்தில் வேண்டும். காலி இன்லண்ட் லெட்டர் ஒன்றை என் விலாசம் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். அந்த எண்ணை நீ கேட்டுப் போட்டாயா, கேட்காமல் போட்டாயா என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் சேர்.